மார்ஜார நியாயம்

மனிதருடைய குணாதிசயங்களை அறிவதற்கு ஜாதகம், சாமுத்திரிகா லட்சணம், கைரேகை என்று எத்தனையோ சாஸ்திரங்களை வகுத்து வைத்த நம் முன்னோர்கள், அடுக்களைக்கும் திண்ணைக்குமாக அன்றாடம் ஆயிரம் தடவை நடந்துகொண்டிருக்கும் பூனையின் குணத்தை அறிய மட்டும் ஒரு சாஸ்திரமும் எழுதி வைக்காமற் போனது ஏன் என்று நான் பல நாள் ஆலோசித்ததுண்டு. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்துகொண்டு, ஏழு வருஷ காலம் மூன்று பூனைகளுக்கு அடங்கி வாழ்ந்த பிறகு, காரணம் ஒருவாறு விளங்கிற்று. எழுத உட்கார்ந்தவருடைய ஏட்டின்மேல் பூனை வந்து படுத்துக்கொண்டிருக்கும்.

முதற்பூனை தானாக வந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி கொல்லைப்புறமாக நுழைந்து, அங்கே ஒதுங்கியிருந்த தெருநாயை மூக்கில் ஓர் அறை அறைந்து விரட்டிவிட்டு, கறுப்பும் வெள்ளையும் செவலையுமான தன் திருமேனியை நக்கித் துடைத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்த அதன் தீரத்தைக் கண்டு, ‘சேனாபதி’ என்று நாமகரணம் செய்தேன். இரண்டு மாதங் கழித்து, என் மனைவியின் கல்யாணப் புடவை இருந்த பெட்டிக்குள் சேனாபதி இரண்டு குட்டிகளை ஈன்றது. செவலையையும் கறுப்பையும் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரு நிறமும் ஒரே உடம்பில் தோன்ற அக்குரோமோசோம் இரண்டு வேண்டும் என்றும், ஆகவே மூவர்ணப் பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும் என்றும் கால்நடை வைத்தியர் விளக்கிய பின்புதான் என் அறியாமையின் ஆழம் எனக்குத் தெரிந்தது. “சேனாபதிக்குப் பிரசவம் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்” என்று என் மனைவி அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். சேனாபதி பெட்டியிலிருந்து பரணோடு நிறுத்திக்கொண்டது. பிடரியைக் கவ்வி இரண்டையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்ததும், என் பேரன் ஏணி வைத்து ஏறி ஒன்றை மீட்டுக்கொண்டு வந்துவிட்டான். மற்றது பழைய அண்டாவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. வழக்காடிப் பயனில்லை என்று கண்ட தாய், மேலும் கீழுமாக நடந்து இரண்டுக்கும் பாலூட்டியது. கீழே பேரன் மடியில் வளர்ந்தது எந்நேரமும் கண்ணை மூடித் தியானத்திலேயே இருந்தபடியால் அதற்கு ‘ரிஷி’ என்று பெயர். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனை அதற்கு மூதாதையாக இருக்கலாம். மேலே வளர்ந்ததோ மனித வாடை பட்டாலே மறைந்துவிடும். அதனால் பெயரிடும் அளவுக்குப் பரிச்சயம் ஏற்படாமல், வீட்டில் எல்லாரும் அதை ‘மேல்வீட்டார்’ என்றே மரியாதையாகக் குறிப்பிட்டு வந்தோம்.

எதிர்வீட்டுப் பெரியவர் வேதாந்தமும் ஜோதிஷமும் கற்ற வைஷ்ணவர். ஒரே தாய், ஒரே நட்சத்திரம், ஒரே லக்னம், ஆனால் ஒன்று ரிஷி, மற்றது தலைமறைவு. இதற்கு உங்கள் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று நான் மடக்கியபோது, “நாழிகை வித்தியாசம், ஓய்” என்று அவர் தப்பித்துக்கொண்டார். உண்மையில் வித்தியாசம் வாரத்தில் இருந்தது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதரை நம்பும். அந்தப் பருவத்தைப் பரண்மேல் கழித்த குட்டிக்கு ஆயுள் முழுவதும் நாம் அந்நியர்தாம். தகப்பனுடைய சுபாவமும் ஓரளவு குட்டிக்கு இறங்கும் என்கிறார்கள். ஆனால் எங்கள் விஷயத்தில் தகப்பன் யார் என்பதை விசாரிக்க மதில்மேல்தான் போகவேண்டும்.

இவற்றின் நடத்தைக்கு நான் செய்த வியாக்கியானங்கள் ஒவ்வொன்றாகப் பொய்த்துப் போயின. சேனாபதி என் காலில் வந்து உரசியதைப் பக்தி என்று எண்ணிப் பூரித்திருந்தேன். பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு என்றும், அது உரசுவது தன் வாசனையை நம்மீது பதித்து ‘இது என்னுடையது’ என்று முத்திரையிடுவதே என்றும் பிறகு படித்தேன். பாங்கிக்குப் போய்ப் பலர் வாசனையோடு திரும்பும் நாட்களில் அது இரண்டு மடங்கு உரசுவதன் பொருள், பத்திரத்தை மறுபதிவு செய்கிறது என்பதே. வளர்ந்த பூனைகள் தமக்குள் ‘மியாவ்’ என்று கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம். குட்டி தாயை அழைக்கும் அந்தக் குரலை, மனிதரை வேலை வாங்குவதற்கென்றே அவை கடைசிவரை காப்பாற்றி வைத்துக்கொள்கின்றன.

ஒரு திருநாளில் ரிஷிக்குத் திருக்கண்ணமுது வார்த்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, துறவிக்குரிய வைராக்கியத்தோடு திரும்பிக்கொண்டது. வைராக்கியமுமில்லை, ஒன்றுமில்லை: பூனைகளுக்குத் தித்திப்பை உணர்த்தும் மரபணு பழுதுபட்டுப் போனது என்று 2005-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பாலும் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் மகாகாவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார் அல்லவா? அந்தப் பூனையின் முயற்சி நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே சங்கடமாயிருக்கிறது.

ரிஷி என்னைப் பார்த்து மெல்லக் கண் மூடித் திறப்பதை நெடுங்காலம் அலட்சியம் என்று கருதி வருந்தினேன். அது நம்பிக்கையின் அடையாளமாம். மனிதர் அவ்வாறே மெதுவாகக் கண் மூடித் திறந்தால் பூனையும் பதில் செய்கிறது, அருகில் வரவும் இசைகிறது என்று 2020-இல் இங்கிலாந்தில் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மேல்வீட்டாரை வசப்படுத்த இதைவிட நல்ல உபாயம் இல்லை என்று தீர்மானித்து, திண்ணையில் உட்கார்ந்து பழகத் தொடங்கினேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பெரியவர் பதறிக்கொண்டு வந்து, “ஓய், கண்ணிலே புரை விழுந்திருக்கிறது போலிருக்கிறதே! சும்மா இருக்கலாமா?” என்றார். மேல்வீட்டார் நான்கு மாதத்துக்குப் பின் பரண் விளிம்புக்கு வந்து, ஒருமுறை கண் மூடித் திறந்து, உள்ளே போய்விட்டார். அன்று நான் அடைந்த ஆனந்தம் என் மகன் பரீட்சையில் தேறியபோதுகூட அடைந்ததில்லை.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, எழுந்து காலை வைக்குமிடத்தில் செத்த எலி ஒன்று கிடந்தது. பக்கத்தில் சேனாபதி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது கொண்டுவந்து விட்ட எலிக்கு உயிர் இருந்தது. நான் ஊஞ்சல்மேல் ஏறிவிட்டேன். கூச்சல் கேட்டு வந்த பெரியவரிடம், தாய்ப்பூனை குட்டிக்கு வேட்டை பழக்கும் முறையே இதுதான், முதலில் செத்ததைக் கொண்டுவரும், பிறகு உயிருள்ளதை விட்டுப் பிடிக்கச் சொல்லும் என்று ஊஞ்சற் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே விளக்கினேன்.

பெரியவர் முகம் மலர்ந்தது. குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்வது போல ஜீவன் பகவானைப் பற்றவேண்டும் என்பது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒரு முயற்சியும் செய்யாது, தாயே கவ்விக் கரைசேர்க்கும் என்பது தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம். “தெருவுக்குத் தெரு நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கிறோம். உமக்கென்ன ஓய், பிரத்தியட்சமாகவே அனுக்கிரகம் ஆகிவிட்டது!” என்றார்.

எலி அதற்குள் பரணேறிவிட்டது. சேனாபதி அது போன திசையை ஒருமுறையும், ஊஞ்சலில் நின்ற என்னை ஒருமுறையும் பார்த்தது. ஏழு வருஷமாக இந்தப் பூனையை வளர்த்து வருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், எதற்கும் இருக்கட்டும் என்று என் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.