மகனுக்கு நெட்ஃபிளிக்ஸ், அம்மாவுக்கு பில்

கேள்வி: மாதம் 149 ரூபாய்தானே, நெட்ஃபிளிக்ஸ் போட்டுவிடலாம் என்று நச்சரிக்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளை விவரமானவன்! அந்த 149 ரூபாய் திட்டம் மொபைலிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டி.வி.யில் வராது. பணம் கட்டுவது நீங்கள், போர்வைக்குள் படம் பார்ப்பது அவன். டி.வி.யில் பார்க்க 199 ரூபாய் திட்டம் வேண்டும். அதிலும் ஒரு நேரத்தில் ஒரு திரைதான். அவன் அறையில் கொரியன் தொடர் ஓடினால், ஹாலில் நீங்கள் பழையபடி மெகா சீரியலே கதி.

முதலில் உங்கள் செல்போன் ரீசார்ஜையும் பிராட்பேண்ட் பில்லையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஏதாவது ஓ.டி.டி. ஏற்கெனவே அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்?

தியேட்டருக்கு வரும் பெரிய தமிழ்ப் படங்கள் பல, நாலைந்து வாரத்தில் ஏதாவதொரு ஓ.டி.டி.க்கு வந்துவிடுகின்றன. பார்க்க நினைப்பவை நாலைந்து சேரும்வரை பொறுத்திருங்கள். ஒரு மாதம் கட்டி, மொத்தமாகப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். மறக்காமல் யு.பி.ஐ.யில் ‘ஆட்டோ பே’யையும் ரத்து செய்யுங்கள். அந்தப் பொறுப்பை மட்டும் மகனிடம் கொடுத்துவிடாதீர்கள்!