மாடியில் ஆபீஸ், மனசில் பாரம்

கேள்வி: ஆபீஸ் சென்னையில், வேலை வீட்டு மாடியில். பஸ் இல்லை, நெரிசல் இல்லை. இருந்தும் சாயங்காலமானால் அடித்துப் போட்ட மாதிரி அசதி. ஏன்?
– ஒரு வாசகர், மதுரை காளவாசல்

பதில்: நெரிசல் போகவில்லை, ரோட்டிலிருந்து திரைக்குள் வந்துவிட்டது. வீடியோ மீட்டிங் ஏன் இப்படிச் சோர்வு தருகிறது என்று ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். பல முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்க்கின்றன. நம் முகத்தையும் நாமே ஓயாமல் பார்க்கிறோம். உடம்பு நாற்காலியை விட்டு நகர்வதில்லை. தலையாட்டுவதைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்த சலூன்காரராலேயே முடியாது. அவர் நின்றுகொண்டல்லவா வேலை பார்க்கிறார்! உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள். பேச்சு மட்டும் போதும் என்றால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் நடங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். உள்ளூர் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் திரும்பிய காலத்தில், காளவாசலில் இறங்குவதற்குள் மேனேஜர் பாதி வழியிலேயே மனசிலிருந்து இறங்கியிருப்பார். இப்போது லேப்டாப்பை மூடினால் அடுத்த அடி சமையலறை. அந்தப் பயணத்தை நீங்களே உண்டாக்குங்கள். வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு கடைத்தெருவரை நடந்து போய், நின்று, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். டீக்கடையில் யாரும் உங்களை ‘மியூட்’ செய்ய மாட்டார்கள்.

கேள்வி: “வீட்ல சும்மாதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வையி” என்கிறாரே அம்மா?
– ஒரு வாசகி, பொன்மேனி

பதில்: வாங்கி வையுங்கள், எழுந்து நடக்க நல்ல சாக்கு. ஆனால் மீட்டிங் நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அம்மா தினமும் பார்க்கும் நோட்டீஸ் போர்டு அதுதான்.

கேள்வி: அமெரிக்க டீமோடு இரவெல்லாம் அழைப்பு. தூங்காநகரத்தில் பிறந்ததற்கு இது தண்டனையா?
– ஒரு வாசகர், அரசரடி

பதில்: மதுரை தூங்காமல் இருப்பது இட்லிக்காக, எக்செலுக்காக அல்ல! நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அங்கே முற்பகலிலேயே கூட்டத்தை வைத்தால் நீங்கள் நேரத்தோடு படுக்கலாம். தயங்காமல் கேளுங்கள். வேலை நேரம் முடிந்தபின் அழைப்பைத் தவிர்க்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் சட்டத்தில் இருக்கிறது. அது இங்கேயும் வர வேண்டும்.

கேள்வி: வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் ஒட்டுதல் இல்லை. யாரிடம் சொல்வது?
– பெயர் வேண்டாம், காளவாசல்

பதில்: டீயும் நடையும் இதற்குப் போதாது, மருத்துவரைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இதே ஊரில்தான் மனநலப் பணி செய்கிறது. வெளியே கிளம்பவே மனமில்லை என்றால் 14416, டெலிமானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே கூப்பிடுங்கள்.