ஆளுக்கொரு திருத்தம்

ஒரு சினிமா வந்து எங்கள் பக்கத்து டெவில்ஸ் கிச்சனைக் குணா குகை ஆக்கியது. யாரும் சண்டை போடவில்லை. விக்கிப்பீடியாவில் மட்டும் படக் கட்டுரைக்கு ஏன் இத்தனை அடிதடி?
– ஒரு வாசகர், கூக்கால்

குகைக்கு 'எடிட்' பட்டன் இல்லையே!

நம்மூரில் சண்டை பெரும்பாலும் வசூலுக்கு. தயாரிப்பாளருக்கே தெரியாத கணக்கு ரசிகருக்குத் தெரியும். 2013-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக் இன்டூ டார்க்னஸ்' வேறு ரகம். தலைப்பில் 'இன்டூ'வின் முதல் எழுத்து பெரியதா, சிறியதா என்று சுமார் 40,000 சொற்களுக்கு வாதாடினார்கள், அதுவும் படம் வெளியாகும் முன்பே! பெரிய எழுத்து ஜெயித்தது.

ஆங்கில விக்கியில் ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை அழித்தால், கணக்கை முடக்கிவிடுவார்கள். வசூல் கணக்கை அல்ல.