ஆடியில் காலி, ஆனியில் போட்டி

இந்த முறை பொன்னமராவதி வட்டாரத்து வாடகைக் கேள்விகள் மட்டும். வீட்டுக்காரர்களும் குடியிருப்பவர்களும் ஒருவரையொருவர் சரிசமமாகத் திட்டி எழுதியிருக்கிறார்கள். பெயரைப் போடாதே என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை.

கே: சென்னையில் வாடகை ஏறினால் பேப்பரில் வருகிறது. பொன்னமராவதியில் ஏறினால் யாரிடம் தெரிந்துகொள்வது? (பேருந்து நிலையத்துப் பக்கம் கடை வைத்திருப்பவர்)

ப: அடுத்த போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம். அவர் கொடுக்கும் தொகை உங்கள் வீட்டுக்காரர் காதில் விழுந்த மறுநாளே உங்களுக்கும் ஏறிவிடும். தேசிய வீட்டுவசதி வங்கி 50 நகரங்களுக்குக் குறியீடு வெளியிடுகிறது. அதுவும் வீட்டு விலைக்குத்தான், வாடகைக்கு இல்லை. நமக்கு டீக்கடை பெஞ்சுதான் குறியீடு. தினமும் இரண்டு வேளை வெளியாகும்.

கே: புதுக்கோட்டையும் காரைக்குடியும் மாநகராட்சி ஆகிவிட்டன. நம்ம ஊரும் சின்ன மெட்ரோ மாதிரி ஆகி வாடகை எகிறுமா? (மனை வாங்கிப் போட்டிருப்பவர், கொப்பனாபட்டி)

ப: ஆசை நல்லதுதான். அரசியல் சட்டப்படி பெருநகரப் பகுதி என்றால் குறைந்தது 10 லட்சம் பேர் வசிக்க வேண்டும். நமக்கு ரயிலடியே கிடையாது.

அந்த இரண்டு ஊர்களும் 2024-இல் மாநகராட்சி ஆனதற்காக இங்கே வாடகை ஏறப்போவதில்லை. ஏற்றுகிறவர்கள் வேறு. மே, ஜூனில் மாறுதல் உத்தரவோடு வந்து இறங்கும் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் ஒரு பக்கம். பிள்ளைகள் படிப்புக்காகக் காரையூர், ஆலவயல் பக்கமிருந்து டவுனுக்கு வரும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அந்த அம்மாவுக்கு ஸ்கூல் வேன் வரும் தெரு வேண்டும், தண்ணீர் வேண்டும், தனி வாசல் வேண்டும். மூன்றும் சேர்ந்த வீடுகள் சிலதான். வாடகை நிஜமாக ஏறுவது அந்தச் சில வீடுகளில். மற்ற வீடுகள் அதைப் பார்த்து ஏறிக்கொள்கின்றன.

கே: மாடி போர்ஷன் ஆடி முழுக்கக் காலி. வாடகையைக் குறைக்கலாமா? (வீட்டுக்காரம்மா ஒருவர், வலையபட்டி)

ப: ஆடியில் குறைத்தாலும் ஆள் வராது அம்மா, ஆனியில் விட்டிருக்க வேண்டும். சாமானை ஆடியில் கொண்டுவருகிறவர்கள்கூட ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் பாலைக் காய்ச்சிவிட்டுப் போய்விடுவார்கள். ஆவணி வரை பொறுங்கள். இல்லையென்றால் ஆடி பார்க்காத குடும்பத்துக்கு விடுங்கள். "அவங்களுக்கு விடறதில்லை" என்று நீங்கள் சொல்லாமல் இருந்தால்.

கே: சொத்து வரி கூடிவிட்டது என்று மாதம் 1,000 ரூபாய் ஏற்றிக் கேட்கிறார். நியாயமா? (குடியிருப்பவர், பொன்-புதுப்பட்டி)

ப: 2022-இல் வரி கூடியது உண்மை, வீட்டின் அளவையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். கூடிய தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் உங்கள் மாதக் கணக்கு வரும். அந்தக் கணக்கு 1,000 ரூபாயைத் தொடாது என்பதால் ரசீது பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வு என்றால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம். மாடிப்படியில் நின்றுகொண்டு சொல்வது எழுத்தில் சேராது.

கே: 3 லட்சம் கொடுத்தால் ஒத்திக்கு வீடு தருகிறேன் என்கிறார். வாடகை என்றால் 5,000 ஆகுமாம். ஒத்திதானே லாபம்? (புதுமாப்பிள்ளை, தொட்டியம்பட்டி)

ப: கணக்குப் போடுவோம், மாப்பிள்ளை. 3 லட்சத்தை 7 சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் மாதம் 1,750 வரும். ஒத்தியில் 5,000 மிச்சம். உங்களுக்கு லாபம்தான், சந்தேகமில்லை. இப்போது அவர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வருஷத்துக்கு 60,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து 3 லட்சம் வாங்குகிறார். அதாவது உங்களிடம் 20 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வங்கியில் கிடைக்கிறவர் உங்களிடம் ஏன் வருகிறார்? அவசரக்காரர். அவசரக்காரரிடம் இரண்டு வருஷம் கழித்து மொத்தமாக 3 லட்சம் திரும்பி வருமா என்பதுதான் ஒத்தியின் முழுக் கேள்வியும்.

இது நம் பக்கத்து வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவில் இதற்குப் பெயர் ஜோன்சே. வீட்டு விலையில் பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இரண்டு வருஷம் இருப்பார்கள். பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பித் தரும் பணம் புதிய குடித்தனக்காரரிடமிருந்து வரும். விலை ஏறிக்கொண்டிருந்த வரை எல்லாரும் கெட்டிக்காரர்கள். 2022-இல் விலை சரிந்ததும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே அந்த நாடு தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

நம் சட்டத்தில் ஒத்தி என்பது வாடகையே இல்லை, அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் அனுபவ அடமானத்துக்கு இடம் உண்டு. தொகை 100 ரூபாயைத் தொட்டாலே பதிய வேண்டும். நீங்கள் பதிவதில்லை, 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, சாட்சிக்கு மச்சானைக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அது நின்றுபோனால் ஜப்தி நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும். மச்சான் கையெழுத்தை வங்கி படிக்காது. பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று எடுங்கள். ஒத்தியைப் பதிந்துகொள்ளுங்கள். "நம்ப மாட்டேங்கறியா?" என்று அவர் கோபித்துக்கொண்டால் வாடகைக்கே போய்விடுங்கள்.

கே: பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடுமாமே? அதனால் பதினோரு மாதத்துக்கு மேல் யாரையும் வைப்பதில்லை. (ஓய்வுபெற்றவர், மேலைச்சிவபுரி)

ப: இந்தப் பயம் பூட்டிவைத்த வீடுகளைக் கணக்கெடுத்தால் ஒரு தெரு தேறும். பன்னிரண்டு வருஷக் கணக்கு, "இது என் சொத்து" என்று உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாக அனுபவித்தவருக்கு. உங்களுக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பவர் நீங்கள்தான் உரிமையாளர் என்று மாதாமாதம் ஒப்புக்கொள்கிறார். ஐம்பது வருஷம் இருந்தாலும் அவர் குடித்தனக்காரர்தான். ரசீது கொடுக்காமலும் ஒப்பந்தம் எழுதாமலும் இருந்தால்தான் அதை நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். பயப்படுகிறவர்தான் பேப்பர் எழுத வேண்டும். நம் ஊரில் பயப்படுகிறவர் பேப்பரே வேண்டாம் என்கிறார்.

பதினோரு மாதத்தின் கதை வேறு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் காலத்தைப் பார்ப்பதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு இணையதளமே இருக்கிறது.

கே: அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமாமே. என் வீட்டுக்காரர் பத்து மாதம் வாங்கியிருக்கிறார்! (தனியார் பள்ளி ஆசிரியை)

ப: சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் "வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டது அந்த வாலில். காலி செய்யும்போது பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, சுவரில் ஆணி அடித்ததற்கு ஒரு மாத வாடகை என்று பிடிப்பது மட்டும் எந்தப் பிரிவில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

கே: கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய் கேட்கிறார். அரசாங்கம் 100 யூனிட் இலவசம் தருகிறதே? (மாடியில் குடியிருப்பவர், காரையூர்)

ப: தருகிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு இணைப்புக்கு. நீங்கள் இருப்பது சப்-மீட்டரில். இலவசம் கீழ் வீட்டில் இறங்கிக்கொள்கிறது. எல்லாப் போர்ஷனும் ஒரே இணைப்பில் ஓடுவதால் ஏறும் கட்டணம் மட்டும் மாடிக்கு வருகிறது. தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு 300 ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. சண்டையில் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தினால் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கே: வீடு கேட்டுப் போனால் வாடகையைச் சொல்லுமுன் "நீங்க என்ன ஆளுக?" என்கிறார்களே? (அரசு ஊழியர்)

ப: காலி வீடு கையில் இருக்கும்போதும் "வீடு விட்டாச்சே" என்று பொய் சொல்ல அந்தப் பதில் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது; தனியார் வாசற்படிக்கு வந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. உங்கள் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து மாதம் தவறாமல் வருவது. அதைவிட நல்ல வாடகைதாரர் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை. வெட்கம் உங்களுடையது இல்லை.

கே: வலையபட்டி, வேந்தன்பட்டியில் அரண்மனை மாதிரி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாடகைக்கு விட்டால் பஞ்சம் தீருமே? (கல்லூரி மாணவர்)

ப: எந்தப் பங்காளியைக் கேட்பீர்கள்? முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் அந்த வீடுகளில் ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளியின், அதாவது ஒரு குடும்பத்தின், பங்கு. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூடுவார்கள், சடங்கு முடிந்ததும் பூட்டுவார்கள். ஒரு வாடகை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வாங்கச் சென்னை, பெங்களூர், கோலாலம்பூர் எல்லாம் சுற்ற வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. குடித்தனப் பட்டியலில் ஏறுவது கடினம்.

ஆனால் ஊரில் பூட்டிக் கிடப்பவை அவை மட்டுமா? நகர்ப்புற இந்தியாவில் 1.11 கோடி வீடுகள் காலி என்றது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. புதிதாகக் கட்டி, கிரகப்பிரவேசம் முடித்து, பூட்டிவிட்டு விமானம் ஏறியவர்களின் மொசைக் தரை வீடுகள்தான் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அடுத்த கடிதம் அப்படிப்பட்ட ஒருவருடையது.

கே: சிங்கப்பூரில் ரூம் வாடகை கொடுத்து மாளவில்லை. ஊரில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. விடலாமா, வேண்டாமா? (பொன்னமராவதிக்காரர், சிங்கப்பூர்)

ப: 2022 ஒரே வருஷத்தில் அங்கே தனியார் வீட்டு வாடகை 29.7 சதவீதம் ஏறியது. அந்த அடியை வாங்கிய நீங்களே இங்கே ஒரு வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

விடுங்கள். ஒரு சங்கடம் உண்டு: நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால், வாடகை கொடுப்பவர் அதிலிருந்து 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இங்கே வேறு வருமானம் இல்லையென்றால், குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பவும் பெறலாம். ஆடிட்டரிடம் ஒரு முறை போனால் முடிகிற வேலை. சாவியைத் தம்பியிடம் கொடுங்கள், ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் எழுதுங்கள், வாடகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். மாறுதல் உத்தரவுகள் வரும் மே மாதத்துக்கு முன்னால் டூ-லெட் போர்டை மாட்டிவிடுங்கள்.