துரையின் வண்டிக்கு வந்த சொந்தம்

பல்லேகல கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி மஹியங்கனை வீதியில் போகும்போது கிழட்டு லேண்ட் ரோவர் வைத்திருப்பவர் யாரும் அகப்பட்டால், பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். 1947இல் மொரிஸ் வில்க்ஸ் வேல்ஸ் கடற்கரை மணலில் படம் வரைந்த கதையிலிருந்து தொடங்குவார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமான வண்டி. போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு, அதனால் அலுமினிய உடம்பு. அந்தப் பச்சை நிறமும் விமானங்களுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ட்தான். தட்டுப்பாட்டில் பிறந்தது மலையகத்துக்கு வந்ததும் தோட்டத் துரையின் வண்டியாகிவிட்டது. கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

"அலுமினியம் துருப்பிடிக்காது" என்பார். அடியில் இருக்கும் சட்டம் உருக்கு என்பதைக் கராஜ்காரர் பில்லோடு சேர்த்துச் சொல்வார். எண்ணெய் ஒழுகுவதைக் கேட்டால் கோபம் வரும். 2020இல் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியதும் பழைய வாகனங்களுக்கு வந்த மவுசில், ஒழுகலுக்கும் சேர்த்தே விலை சொன்னார்.

2008இல் டாடா லேண்ட் ரோவர் கம்பனியை வாங்கியதை மட்டும் அவர் கதையில் சேர்ப்பதில்லை. சந்தைக்கு மரக்கறி ஏற்றும் டிமோ பட்டா லொறியும் டாடாதான். ஹோர்ன் அடித்து அது முந்தும்போது, முறைக்குத் தம்பி என்று யாராவது சொல்லிவைக்கலாம்.