வெட்ட மனம் வராத தாள்: கிறிஸ்துமஸ் அட்டைக் கைவினை குறித்து ஓர் ஆய்வு

கையால் செய்யும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, ஒருவர் பாடுபட்டு ஒழித்த வேலையை மற்றவர்கள் பாடுபட்டு மீட்டெடுத்ததன் விளைவு. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அலுவலர், பண்டிகைக் கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுதி மாளாமல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி வாங்கி அச்சடித்தார். அந்த அட்டை 1 ஷில்லிங்குக்கு விற்பனைக்கும் வந்தது. படத்தில் குடும்பமே ஒயின் கோப்பையும் கையுமாக இருந்தது. சின்னக் குழந்தைக்கும் ஒரு வாய் புகட்டப்பட்டது. மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆக்கிவிட்டதுதான் அதைவிடப் பெரிய குற்றம். அதை யாரும் கண்டிக்கவில்லை. அதற்கான பிராயச்சித்தம் இங்கிலாந்தின் சாப்பாட்டு மேசைகளில் இன்று ஜூலை மாதமே தொடங்கிவிடுகிறது.

மூலப்பொருள் டிசைன் தாள். பொதுவாக 12 அங்குலச் சதுரமாக வரும். 6 அங்குலச் சதுரத்தில் புத்தகமாகக் கட்டியும் விற்பார்கள். ஹாலி இலை, ஸ்காட்லாந்துக் கட்டம், ஜிஞ்சர்பிரட் பொம்மை, ராபின் குருவி ஆகியவை நிலையான டிசைன்கள். ராபினுக்கு மட்டும் ஒரு குலவரலாறு உண்டு: விக்டோரியா காலத் தபால்காரர்கள் சிவப்பு அங்கி அணிந்ததால் ஊரார் அவர்களை ராபின் என்றே அழைத்தார்கள். ஆகவே அட்டையில் மரக்கிளைமேல் உட்கார்ந்திருக்கும் குருவி, ஆராய்ந்து பார்த்தால், பணியிலிருக்கும் ஓர் அஞ்சல் ஊழியர்.

இந்தத் தாளின் பெருங்கேடு, இரண்டு பக்கமும் அச்சாகியிருப்பது. முன்பக்கம் ராபின் என்றால் பின்பக்கம் சிவப்பு வெள்ளைக் கோடு. எந்தப் பக்கத்தில் பசை தடவினாலும் ஒரு டிசைன் உயிரோடு புதைக்கப்படுகிறது. எனவே முடிவெடுக்க முடியாமல் தாள் மறுபடி பெட்டிக்குள் போகிறது. இதிலிருந்து இத்துறையின் அடிப்படை விதி பிறக்கிறது: தாளின் அழகு கூடக் கூட, அது வெட்டப்படும் நாள் தள்ளிப் போகும். பேரழகான தாள் ஒருபோதும் வெட்டப்படாது. அடுத்த தலைமுறைக்குச் சொத்தாகப் போய்ச் சேரும். கைவினைஞர்களைத் தாள் சேர்ப்போர், அட்டை செய்வோர் என இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. இரண்டாம் பிரிவினர் முதல் பிரிவினருக்குள்ளேயே அடங்குவதால் இப்பிரிப்பு நிற்காது.

வெட்டியே ஆகவேண்டிய நாளில் கணக்கு தொடங்குகிறது. ஏ6 அளவு அட்டையின் முகப்பு 105க்கு 148 மி.மீ. சுற்றிலும் 5 மி.மீ. வெள்ளை விட்டால் அதன்மேல் ஒட்டும் டிசைன் தாள் 95க்கு 138. ஒரு 12 அங்குலச் சதுரத் தாளில் இப்படி 6 துண்டு தேறும். துண்டின் நடுவே வாழ்த்து எழுத 85க்கு 128 அளவில் வெள்ளைத் தாள் ஒட்டப்படும். அப்படியானால் பணம் கொடுத்து வாங்கிய டிசைனில் 83 விழுக்காடு யார் கண்ணிலும் படாமல் மறைகிறது. இந்த அநியாயம் பொறுக்காத கைவினைஞர் ஒட்டுவதற்கு முன்பே தாளின் நடுவயிற்றை அறுத்து எடுத்துவிடுவார். வெளியே ஒழுங்கான சட்டம் தெரியும். உள்ளே வெறும் பள்ளம். எடுத்த துண்டு அடுத்த அட்டைக்கு ஆகும்; அதன் வயிறும் அறுக்கப்படும். தர்க்கப்படி இதற்கு முடிவே இல்லை. தாள் தபால்தலை அளவுக்குச் சுருங்கும்போதும் அதைத் தூக்கிப்போட மனம் வருவதில்லை. கம்பெனிப் பெயரும் பார்கோடும் அச்சான ஓரப்பட்டைகூட, பின்பக்கம் புள்ளி டிசைன் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பெட்டிக்குள் இடம் பிடிக்கிறது.

இனி டை, அதாவது தாளை உருவமாக வெட்டும் அச்சு. அச்சகங்கள் டை கட்டிங் என்று சொல்லும் அதே வேலைதான், மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. முறைக்கு வயது அதிகம்: 19ஆம் நூற்றாண்டில் செருப்புக்குத் தோல் வெட்டவும் டை உதவியது, அந்தக் காலத்திலேயே ஜெர்மானிய அச்சகங்கள் தேவதை, பூக்கூடை, கிறிஸ்துமஸ் தாத்தா படங்களைப் பல வண்ணத்தில் அச்சிட்டு, புடைக்க அழுத்தி, டையால் வெட்டி, மெல்லிய காகிதப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்து இங்கிலாந்துக்கு அனுப்பின.

வீட்டு டை என்பது விளிம்பில் மட்டும் கூரான மெல்லிய உலோகத் தகடு. தத்துவத்தில் பிஸ்கட் அச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் கூர்ப்பக்கம் மேலே பார்க்க டை, டைமேல் தாள், தாள்மேல் இன்னொரு தட்டு. இந்த அடுக்குக்குச் சாண்ட்விச் என்று பெயர். அதை இரண்டு உருளைகளுக்கு நடுவே வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், வீடு இடிவதுபோல் நாலைந்து முறை சத்தம் கேட்கும். புதிதாகச் சுற்றுபவர் இயந்திரம் உடைந்துவிட்டது என்று கையை எடுத்துவிடுவார். அது உடையவில்லை, அதன் பேச்சே அப்படித்தான். நாளாக நாளாகத் தட்டுகள் அப்பளம்போல் வளையும். அப்போது திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும்.

இலை, மணி போன்ற டைகள் சாது. பனித்துகள் டைதான் குணம் தெரிய வைப்பது. ஆறு கரம், கரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஊசித் துளை. ஒருமுறை உருட்டினால் பாதி வெட்டுப்படும். சாண்ட்விச்சைக் கால்வட்டம் திருப்பி மறுபடி உருட்ட வேண்டும். வெட்டிய தாள் டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இடையில் மெழுகுத்தாள் வைத்தவர் பிழைத்தார். வைக்காதவர் டையின் முதுகிலுள்ள துளைகள் வழியே குண்டூசியால் ஒவ்வொரு துணுக்காகக் குத்தித் தள்ளுவார். தள்ளிய துணுக்குகள் சட்டைக் கையிலும் நாயின் முதுகிலும் ஏறி வீடு முழுக்கப் பரவும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் நாளன்று வெளியே பனி கிடப்பது அரிது. உள்ளே கிடப்பது உறுதி.

பனித்துகளை முகப்பில் தட்டையாக ஒட்டுவது துறைக்கு இழுக்கு. ஃபோம் டேப் வைத்து உயர்த்துவார்கள். அதன்மேல் ராபின், ராபினுக்கு அடியிலும் ஃபோம் டேப். இந்த இடத்தில் அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் குறுக்கிடுகிறது. சாதாரணக் கடிதத்தின் தடிமன் 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனால் அது பெரிய கடிதம், தபால்தலையும் பெரியது. கோல் ஒழித்த உழைப்பை மீட்டவர்கள், 1840இல் வந்த ஒரு பென்னித் தபாலின் சிக்கனத்தையும் அத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே எழுதும் வாசகம் பற்றி ஆராய ஒன்றுமில்லை; பெரும்பாலும் இரண்டு பெயர், ஒரு முத்தக்குறி.

பெறுபவர் வீட்டில் அட்டை கணப்படுப்பு மாடத்தில் ஜனவரி 5 அல்லது 6 வரை நிற்கும். அதற்குமேல் நின்றால் அபசகுனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. இறக்கிய அட்டையின் கதி, பெறுபவரும் கைவினைஞரா என்பதைப் பொறுத்தது. ஆம் எனில் அது பெட்டிக்குள் போய், அடுத்த டிசம்பரில் பரிசில் கட்டும் பெயர்ச்சீட்டு டையின்மேல் கிடத்தப்பட்டு, நாலு சத்தத்தோடு உருளைகளுக்கு அந்தப்பக்கம் வரும். செய்தவரிடமே ஒரு பரிசுப் பொட்டலத்தின்மேல் தொங்கியபடி திரும்புவதும் உண்டு. நூல் கோக்கும் துளை ராபினின் தலையில் விழுந்திருக்கும்.