சுவிஸ் மாமா ரொஷ்டி கேட்கிறார்

ஜூலை பிறந்து ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டியதும் வெள்ளவத்தைக்கு ஒரு களை வந்துவிடும். காலி வீதிப் புடவைக்கடைகளில் நின்று விலை பேச இடமிருக்காது. ராமகிருஷ்ண வீதியிலும் ஹம்டன் லேனிலும் மாதக்கணக்காக இருட்டிக் கிடந்த மாடிவீடுகளில் ஏசி இரையத் தொடங்கும். லண்டன்காரர், கனடாக்காரர், பிரான்ஸ்காரர், நோர்வேக்காரர் என்று வந்திறங்கும் அந்தச் சனத்துக்குள் சுவிஸ் மாமாவைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதசாரிக் கடவைக் கோட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, வாகனம் நிற்கும் என்று நம்பிக்கொண்டு நிற்பவர் அவர்தான். பேர்ண் நகரில் அந்தக் கோடு மஞ்சள். அங்கே வைத்தால் பஸ்ஸே நிற்கும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும்.

முதல் கிழமை அவர் முழு யாழ்ப்பாணத்தான். காலையில் சைவக்கடைத் தோசை, மத்தியானம் நண்டுக்கறி, இரவு மரீன் டிரைவ் காற்றில் கொத்து. "சீஸையும் பாணையும் திண்டு நாக்குச் செத்துப்போச்சு" என்று கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்பவர் கையில் ஒரு டொப்லரோன் பெட்டி வைக்கப்படும். பேர்ணில் 1908இல் பிறந்த சொக்லேட் என்று விளக்கமும் கிடைக்கும். அந்தப் பெட்டி வாங்கப்பட்டது டுபாய் விமான நிலையத்தில் என்பதை மாமி பிறகு தனியாகச் சொல்வார். அதிலிருந்த மற்றர்ஹோர்ன் மலைப் படம் 2023இல் கழன்றுபோனதும் மாமாவுக்குத் தெரியாததல்ல. உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போகிறது, வெளியில் செய்யும் பால் பண்டத்தில் தன் அடையாளத்தைப் போட சுவிஸ் சட்டம் விடாது. அவ்வளவுதான் சங்கதி. ஆனாலும் மருமக்களுக்கு அதைச் சொன்னால் சொக்லேட்டின் மதிப்பு இறங்கிவிடும் அல்லவா?

இரண்டாம் கிழமைதான் வியாதி தொடங்குகிறது. வயிறு கொஞ்சம் முறைக்கும். கொத்தைப் பாதியில் தள்ளி வைப்பார். "இந்த நேரம் அங்கை எண்டால்..." என்று ஒரு பேச்சு எழும். வாக்கியம் முடியாது, ஆனால் அதன் மீதி முழுவதும் உருளைக்கிழங்கும் வெண்ணெயும்தான் என்று வீட்டிலுள்ளவர்களுக்கு விளங்கும். ஓகஸ்ட் 1ஆம் திகதி, அதாவது சுவிஸ் தேசிய தினத்தில், சிவப்பு ரீசேர்ட்டில் வெள்ளைச் சிலுவையோடு முருகன் கோயிலுக்குப் போவார். முருகனுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுவிஸில் இருக்கும்போது இந்த மனிதர் சுவிஸ் சாப்பாடே சாப்பிடுவதில்லை. சூரிச்சிலும் பேர்ணிலும் தமிழ்க்கடைகளுக்குக் குறைவில்லை. முருங்கைக்காய், வல்லாரை, கருவாடு எல்லாம் விமானத்தில் வந்திறங்கும். குருணாகல் தொழிற்சாலையில் செய்த மகி தேங்காய்ப்பால் மாவில் மாமி சொதி வைப்பார். மகி என்ற பெயரே சூரிச்சுக்குப் பக்கத்துக் கெம்ப்தாலில் மாவரைத்த யூலியஸ் மகியின் பெயர். சுவிஸ் பெயர் பூண்ட இலங்கைத் தேங்காய்ப்பாலை சுவிஸில் கரைத்து இடியப்பத்துக்கு ஊற்றும் வீடு அது. அங்கே மகள் ராக்லெட் மெஷினை மேசையில் வைத்துச் சீஸ் உருக்கினால், மாமா ஒவ்வொரு யன்னலாகத் திறந்து வைத்துக்கொண்டு போவார். மைனஸ் ஐந்து பாகைக் குளிரிலும்.

சுவிஸ் சமையல் அவருக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருக்குத் தெரிந்த அளவு அந்நாட்டு மந்திரிமாருக்கே தெரியாது. 1983க்குப் பிறகு வடக்கிலிருந்து போன இளைஞர்களுக்கு அங்கே வேலை அனுமதி கிடைத்த துறைகள் சிலவே. உள்ளூரார் ஒதுக்கிவிட்ட ஹோட்டல், உணவக வேலைகள் அவற்றில் முதன்மை. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் இருக்கிறார்கள் என்றால், அந்தக் கணக்கின் ஆரம்பத்தில் நிற்பது ஒரு குசினியும் ஒரு கோப்பை கழுவும் தொட்டியும்தான். மாமாவும் கோப்பையில் தொடங்கி, சலாட்டுக்கு ஏறி, கடைசியில் அடுப்படிக்கு வந்தவர். ஆல்ப்ஸ் மலையடிவார விடுதிகளில் உல்லாசப் பயணிகள் 'பாட்டி கைப்பக்குவம்' என்று கண்மூடிச் சுவைத்த ரொஷ்டி என்ற உருளைக்கிழங்கு ரொட்டிகளில் எத்தனையை ஒரு புங்குடுதீவுக் கை புரட்டிப் போட்டதோ!

அந்தக் குசினியில் அவர் பட்ட மிகப் பெரிய துன்பம் 'ரீ கசிமிர்' என்ற பண்டம். சூரிச்சில் 1948இல் மூவன்பிக் உணவகத்தைத் தொடங்கிய ஊலி பிராகர், 1952இல் அறிமுகப்படுத்திய சுவிஸ் 'இந்தியக் கறி' அது. சோறு, கன்றிறைச்சித் துண்டு, கிரீம் விட்ட மஞ்சள் குழம்பு, மேலே வாழைப்பழம், அன்னாசி, சிவப்புச் செர்ரி. ஒரு முழுத் தலைமுறைச் சுவிஸ்காரருக்குக் கறி என்றால் இதுதான். முதல் நாள் தலைமைச் சமையற்காரர் அதைச் செய்துகாட்டி, "உன் ஊர்ச் சாப்பாடு" என்று முதுகில் தட்டினாராம். மாமா அன்று வாயைத் திறக்கவில்லை. கறிக்குள் வாழைப்பழம் போட்டவனோடு என்ன பேச? வாய் திறந்தாலும் அப்போது அவருக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் இரண்டு: ஒன்று 'ஆம்', மற்றது 'உடனே'.

சரி, வெள்ளவத்தையில் ரொஷ்டிக்கு எங்கே போவது? கொட்டாஞ்சேனை மருமகனுக்கு அழைப்புப் போகும். கொட்டாஞ்சேனை என்றதும் மாமாவுக்குக் குரல் மாறும். வெளிநாடு போக ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒரு லொட்ஜில் காத்துக் கிடந்தவர் அவர். கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் சைவப்பிள்ளை மெழுகுதிரி கொளுத்தியதும் அந்த நாட்களில்தான். மருமகனுக்கு இந்தக் கதை மனப்பாடம். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே மற்றக் கையால் உணவகம் தேடுவான். கொழும்பில் சுவிஸ் சாப்பாடு என்றால் பலகாலம் எல்லோரும் சொன்ன பெயர், கொள்ளுப்பிட்டி டீல் பிளேஸில் பழைய பங்களா ஒன்றில் நடந்த 'சேசா சுவிஸ்'. ஃபொண்டூ, ராக்லெட், ரொஷ்டி மூன்றும் அங்கே கிடைத்தன. 2017 ஜனவரியில் அதே கொள்ளுப்பிட்டியில் மூவன்பிக் ஹோட்டலும் திறக்கப்பட்டபோது, மருமகன் ஆசையாகச் செய்தி அனுப்பினான். "கசிமிர்க்காரன் இங்கையும் வந்திட்டானோ?" என்பதுதான் மாமாவின் பதில்.

எந்தக் கடையாயிருந்தாலும் காட்சி ஒன்றுதான். மாமா முழுக்கைச் சட்டையில் வருவார். ஒரு மணிக்கு மேசை என்றால் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வாசலில் நிற்பார். மெனுவைத் திறக்கமாட்டார். "மல்லி" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கூப்பிட்டு, மீதியை ஜெர்மன் கலந்த ஆங்கிலத்தில் விசாரிப்பார்: ரொஷ்டிக்குக் கிழங்கு எப்போது அவித்தது? இன்றைக்கா, நேற்றா? தோலோடா, உரித்தா? நேற்றுத் தோலோடு அவித்து ஆறவிட்ட கிழங்கு என்றால்தான் துருவும்போது நார்நாராய் விழும், இன்றைக்கு அவித்தது களியாகும். வெலிமடைக் கிழங்கா, நுவரெலியாக் கிழங்கா என்பது அடுத்த கேள்வி. வெயிட்டர் குசினிக்கும் மேசைக்கும் நடந்தே களைப்பான்.

ஃபொண்டூ வந்ததும் விரிவுரை தொடங்கும். மண்சட்டியில் உள்ளிப்பல் தேய்த்து, வெள்ளை வைன் விட்டு, குரூயேர் பாதி, ஃபிரிபூர் வஷெரான் பாதி போட்டு உருக்கி, கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம் ஒரு மிடறு சேர்த்தது. அகப்பையை வட்டமாகச் சுற்றக்கூடாது, எட்டுப் போடவேண்டும். காலங்காலமாகச் சுவிஸ் முழுவதும் தின்ற பண்டம் என்று நினைக்காதீர்கள், விற்காமல் தேங்கிய சீஸைத் தள்ளிவிட அந்நாட்டுச் சீஸ் யூனியன் 1930களில் விளம்பரம் போட்டு நாடு முழுவதும் பரப்பியது என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு மகிழ்ச்சி. குளிர்காலச் சாப்பாட்டைக் கொழும்பு வெக்கையில், அடியில் நெருப்பு எரிய, நெற்றி வியர்க்கத் தின்றுகொண்டே இதைச் சொல்கிறார். குளிர்தண்ணிக் கிளாஸைத் தொட்ட மருமகனின் கையைத் தட்டிவிடுவார்: "வயித்துக்குள்ளை சீஸ் கட்டியாகிப்போம். தேத்தண்ணி குடி!" சீஸில் தோய்க்கும் பாணைச் சட்டிக்குள் தவறவிட்டவர் குற்றம் கட்டவேண்டும் என்ற விதியையும் சொல்வார். மருமகன் உடனே இரண்டு துண்டைத் தவறவிடுவான்.

"எப்பிடியும் பில் நீங்கள்தானே குடுக்கப்போறியள், மாமா?"

மாமிக்கு வேறு கவலை. நல்லூர்க் கொடி ஏறிவிட்டது, இருபத்தைந்து நாளும் வீடு சைவம். "இஞ்சேருங்கோ, உது சைவம்தானே? இறைச்சி ஒண்டும் இல்லையே?" இறைச்சி இல்லை. வைன் இருக்கிறது, கிர்ஷ் இருக்கிறது. குரூயேர் சீஸை மரபுப்படி உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் விளக்கிய மனிதர் இந்த ஓர் இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிவிட்டு, "பால்தான், பால்தான்" என்பார். பிறகு பேச்சை ரயிலுக்குத் திருப்பிவிடுவார். அங்கே மூன்று நிமிடம் பிந்தினாலே பிந்தியதுதானாம்.

சட்டி அடிக்கு வந்ததும் வெயிட்டர் கத்தியால் சுரண்டி, பொன்னிறப் பொருக்கு ஒன்றைத் தட்டில் வைப்பான். தெரிந்தவர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். பிரெஞ்சு பேசும் சுவிஸ்காரர் அதைக் 'கன்னியாஸ்திரி' என்பார்கள். மாமா அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தினர் தின்னாமல் விட்ட அந்தப் பொருக்கை ராத்திரி பதினொரு மணிக்குச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்து நகம் வெளுத்தவர் அவர். ஒன்றையாவது எடுத்து வாயில் போட்டுப் பார்க்கத் தோன்றியதேயில்லை. இப்போது கடித்துப் பார்க்கிறார். அம்மா பாற்சட்டி சுரண்டித் தந்த ஆடையைப்போல ஓரம் கருகி, உப்பும் இனிப்புமாய் இருக்கிறது.

"இதையே நான் குப்பையிலை போட்டனான்!"

அவர் சுவிஸ் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்காருவது அநேகமாக இப்படிக் கொழும்புக்கு வந்தால்தான். அங்கே உணவகம் என்றால் அவருக்குப் பின்வாசல். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு முன்வாசலால் நுழைந்தாலும் கண் குசினிக் கதவிலேயே நிற்கும், அங்கே எந்தத் தமிழ்ப் பெடியன் நிற்கிறான் என்று. இதை மாமி ஒரு குறையாகச் சொல்வதுண்டு. எனக்கென்னவோ அந்தக் கண் பிழையென்று படவில்லை.

பில் வரும். ரூபாயைப் பிராங்குக்கு மாற்றிப் பார்த்து, "அங்கை ஒரு கோப்பிக்கும் கேக்குக்கும் இந்தக் காசு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, தாராளமாக டிப்ஸ் வைப்பார். மருமகன் வேன் கூப்பிட்டுவிடுவான். மாமி பையை எடுத்துக்கொண்டு எழும்புவார். மாமாவைக் காணோம்.

அவர் குசினிக்குள். சமையற்காரத் தம்பி மட்டக்களப்புப் பக்கம். ரொஷ்டியைச் சட்டியோடு எறிந்து புரட்டாமல் ஒரு தட்டை மேலே கவிழ்த்துப் புரட்டும் வித்தையை மாமா காட்டிக்கொடுத்து முடித்திருப்பார். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, வேறு விஷயத்துக்கு வருவான்.

"அண்ணை, அங்கை குக் வேலைக்கு விசா எடுக்கேலுமோ?"

ஒற்றைப் பையோடு, ஒரு சேர்டிபிகேட்டும் இல்லாமல் போனவர் இப்போது நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்காருவார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவருக்குத் தகைமை வேண்டும், வருடக் கோட்டா உண்டு, அந்த வேலைக்கு உள்ளூரிலும் ஐரோப்பாவிலும் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டவேண்டும், என், எஃப், பி, சி என்று அனுமதி அட்டைகளில் எது எதற்கு என்று விரல் விட்டு விளக்கத் தொடங்குவார். ரொஷ்டி விரிவுரை இதற்கு முன்னுரைதான். வேன்காரன் இரண்டாம் முறை ஹோர்ன் அடித்த பிறகு மாமி குசினி வாசலில் வந்து நிற்பார்.

"இஞ்சேருங்கோ, வாறியளோ, இல்லாட்டி உங்கையே வேலைக்குச் சேரப்போறியளோ?"